சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில், பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் வழி பிரியும் சந்தியாக அமைந்த ஊர் ஆயர் ஈத்தாம். கறுத்த நீர் என்பது அப்பெயரின் பொருள். வழிப்போக்கர்களுக்கு அவ்வூரை நினைவூட்டுவன சாலையோரக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் சாடிகளும் பூந்தொட்டிகளுமே ஆகும். பிசைந்த மண் பச்சையாக இருக்கும்வரை அதனைச் சாடியாகவும் செய்யலாம். கலைத்து விளக்காகவும் செய்யலாம். சூளையில் வெந்தபின் வடிவம் நிலைத்துவிடும். மண் மட்டும் மீளாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டா என்று முன்னோர் சொன்னது இதனை அறிந்துதான்.

இன்று தமிழ் எழுத்துக்கும் இந்த இரு நிலைகள் வாய்த்துள்ளன. கணினியில் தட்டெழுதிய உரை பச்சை மண். அதனைப் பக்கங்களாக்கி, எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே தோற்றத்துடன் காட்டும் பி.டி.எஃப். கோப்பு சுட்ட பாண்டம். அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008-இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. பள்ளி மலர்களும் சங்க வெளியீடுகளும் குடும்ப வரலாறுகளும் இன்று பெரும்பாலும் இவ்வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன. ஆதலின் அச்சூளை தமிழை எவ்வாறு சுடுகிறது என்று அறிவது நம் கடமையாகிறது.

'கொடி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்புக் குழந்தை ஒற்றைக்கொம்பை எழுதி, ககரத்தை எழுதி, பின் துணைக்காலை எழுதுகிறது. யூனிகோடு முறையில் இயங்கும் கணினியோ ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும் வைத்துக்கொள்கிறது. ஒலிக்கும் முறைக்கு அதுவே பொருந்துவது. திரையிலோ தாளிலோ காட்டும்பொழுது அக்குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, ககரத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட பல கருவிகளுக்கு இந்த வேலை தெரியாது. கொடுத்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடும்; கொம்பு ககரத்திற்குப் பின்னால் போய் நிற்கும். உரையைப் பி.டி.எஃப். ஆக்க முயன்ற தமிழர் பலர் இந்தச் சிதைவைக் கண்டு சலித்தனர்.

இக்குறையைத் தீர்த்தவை பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்களே. இவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அவற்றுள் ஹார்ஃப்பஸ் என்பது எழுத்துகளை உரிய வடிவில் கோத்துத் தரும் பொறி. பாரசீக மொழியில் எழுத்து, திறந்தது என்னும் பொருளுடைய இரு சொற்களால் ஆனது அதன் பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும், லிபர்ஆபிஸ் செயலியும், நூல் அச்சுக்கோக்கும் ஸீடெக் கருவியும் இப்பொறியையே பயன்படுத்துகின்றன. பைத்தான் நிரல்மொழியிலிருந்து பி.டி.எஃப். உருவாக்கும் எஃப்.பி.டி.எஃப்.-2 என்னும் கட்டற்ற கருவியும் 2023-இல் இதனை இணைத்துக்கொண்டது. ஒருவர் கட்டிய சூளையில் ஊரார் அனைவரும் பாண்டம் சுடுவது போன்றது இது. தமிழுக்கெனத் தனியே பொருள் செலவிட இயலாத சிறு கருவிகளிலும் தமிழ் செம்மையாக அமைவதற்கு இந்தப் பொதுமையே காரணம்.

எனினும் தோற்றம் திருந்தியதோடு குறை முடிந்துவிடவில்லை. பி.டி.எஃப். கோப்பு எழுத்துகளின் வடிவங்களையும் அவை நிற்கும் இடங்களையுமே முதன்மையாகப் பதிகிறது. கண்ணுக்குக் 'கொடி' என்று தெரிவது, உள்ளே கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் கிடக்கலாம். அப்பொழுது தேடினால் அச்சொல் அகப்படாது. படியெடுத்தால் சிதைந்து வரும். பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் தடுமாறும். யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றைப் படியெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே பெரும்பாலும் கிடைக்கும். தோட்டத்தில் வாழ்ந்து மறைந்த பாட்டனின் பெயரைப் பேரன் ஒரு மலரில் தேடுகிறான் என்று கொள்வோம். பெயர் பக்கத்தில் இருக்கிறது; கணினியோ இல்லை என்கிறது. இருந்தும் இல்லாமற்போவது இதுவன்றோ!

இதற்கும் வழி உண்டு. வடிவங்களின் அடியில் உண்மையான உரையையும் மறைவாகப் பதிந்து வைக்கப் பி.டி.எஃப். தரமே இடமளிக்கிறது. ஸீடெக் கருவியில் அதற்கெனத் தனிக் கட்டளையும் இருக்கிறது. ஆயினும் எல்லாக் கருவிகளும் இதனைத் தாமாகச் செய்வதில்லை. ஆகவே பச்சை மண்ணைப் பாதுகாப்பதே உறுதியான காப்பு.

இதற்குச் சான்றாக மதுரைத் திட்டத்தைக் கூறலாம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய அத்திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வழங்கினர். தொடக்கத்தில் திஸ்கி முதலிய பழைய குறியீட்டு முறைகளில் அமைந்த நூல்கள், பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. வெறும் பக்கப் படங்களாக அவை இருந்திருப்பின் இம்மாற்றம் எளிதாயிராது. உரை உரையாகவே இருந்ததனால், காலம் மாறியபொழுது அதுவும் உடன் மாறியது.

மலர் வெளியிடும் பள்ளியும் சங்கமும் இரண்டு செயல்களை வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று. பி.டி.எஃப். கோப்பு கைக்கு வந்ததும், அதனைத் திறந்து, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒகரச் சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும். அகப்படாவிடின் அச்சகத்தாரிடம் திருத்திக் கேட்கலாம். அடுத்து, அம்மலரின் யூனிகோடு உரைக்கோப்பையும் கேட்டுப் பெற்று, உடன் சேர்த்து வைத்தல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஏதுமில்லை. அழகிய சாடியை மாடத்தில் வைப்போம். அதே வேளையில் மண்ணையும் காயவிடாது காப்போம். நாளை வரும் பிள்ளைகள் நமக்குத் தெரியாத வேறொரு கலத்தை அதில் வனைய விரும்பக்கூடும்.