அடுப்பேறாத இனிப்பு

நுழையும் முன்

திருவிழா நாளில் வீட்டில் செய்யும் இனிப்பை அந்த வீட்டுக் குழந்தையே உண்ண முடியாமற்போனால் என்ன செய்வது? பழனி மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நெருப்பும் நெய்யும் தேனும் இல்லாமல் உருவான ஓர் இனிப்பைப் பற்றியும், அதற்குள் சென்ற பழங்களின் இயல்பு பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

தமிழர் வீட்டுப் பலகாரங்களுள் பெரும்பாலானவை நெருப்பை நம்பியவை. அதிரசம் எண்ணெயில் வேக வேண்டும். பாயசம் கொதிக்க வேண்டும். பொருள்விளங்கா உருண்டைக்குப் பாகின் பதம் தப்பக் கூடாது. நெருப்புக்குப் பெருந்தன்மை உண்டு. அரிசி சற்றுப் பழையதாயினும், வெல்லத்தில் சிறிது கரிப்பு இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். வறுபடும் மணத்தால் குறையை மூடிவிடும். அடுப்பே ஏறாத இனிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளே இட்ட பழம் எப்படியோ அப்படியே இனிப்பும்.

அத்தகைய இனிப்புகளுள் புகழ்பெற்றது பழனிப் பஞ்சாமிர்தம். கோயில் வழிபாட்டு மரபில் பஞ்சாமிர்தம் என்பது பொதுவாகப் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை ஆகிய ஐந்தின் கலவையைக் குறிக்கும். பழனியிலோ அச்சொல் பழத்தைச் சார்ந்தது. மலைவாழைப்பழம், கரும்புச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. அடுப்பில் ஏற்றுவதும் இல்லை. கரும்புச்சாறு ஆலைக் கொப்பரையில் கொதித்த பிறகே சர்க்கரையாகிறது, வெண்ணெய் உருகிய பிறகே நெய்யாகிறது என்று யாரேனும் வழக்காடலாம். அது சரியே. ஆயினும் பழத்தின்மேல் நெருப்பு படுவதில்லை. 2019ஆம் ஆண்டு இப்பஞ்சாமிர்தத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இதற்குரிய மலைவாழையின் பெயர் விருப்பாச்சி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள விருப்பாச்சி என்னும் ஊரின் பெயரையே பழமும் தாங்கியிருக்கிறது. வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்த கோபால் நாயக்கரின் பாளையம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்த அதே ஊர்தான். கீழ்ப்பழனி மலைகளில் காப்பித் தோட்டங்களின் ஊடே வளரும் இவ்வாழையின் கனியில் நீர்ப்பதம் குறைவு. இனிப்பும் மணமும் மிகுதி. தண்ணீர் சேர்க்காத இனிப்பு கெடாமல் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான பழம் வாய்ப்பது அரிது.

அந்தப் பழமே இல்லாமற்போகும் அச்சம் ஒரு காலத்தில் எழுந்ததுண்டு. வாழையின் குருத்திலைகள் சிறுத்து, குறுகி, உச்சியில் கொத்தாய் நின்றுவிடும் முடிக்கொத்து நோய் 1970களில் அம்மலைத் தோட்டங்களைச் சூறையாடியது. அசுவினி என்னும் சிறு பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்திற்கு அந்த நச்சுயிரியைக் கொண்டுசெல்லும். நோயுற்ற மரத்தின் கன்றை நட்டாலும் நோய் தொடரும். உழவர்கள் வாழையைக் கைவிட்டு வேறு பயிருக்கு மாறினர். பின்னர், நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கித் தந்ததால்தான் விருப்பாச்சி மீண்டும் மலையேறியது.

அந்த மலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். வீட்டில் அனைவருக்கும் அவர் அப்பத்தா. ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகையன்று அகன்ற பித்தளைத் தாம்பாளத்தில் வாழைப்பழங்களை உரித்துப் போட்டு, உள்ளங்கையில் நெய் தடவிக்கொண்டு, அவரே பிசைவார். பழத்தின் நார் விரலில் தட்டுப்படாத பதம் வரும்வரை கை ஓயாது. கிண்ணம் கிண்ணமாக அண்டை வீடுகளுக்கும் செல்லும். மருமகள் மிக்சியில் அரைக்கலாமா என்று ஒருமுறை கேட்டபோது, “அரைச்சா கூழ், பிசைஞ்சாத்தான் அமிர்தம்” என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

பேத்திக்கு மூன்று வயதானபோது அந்த வழக்கம் நின்றது. குழந்தைக்குப் பால் ஒவ்வாமை இருப்பதை மருத்துவர் முன்பே கண்டறிந்திருந்தார். பால் செரியாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது வயிற்றின் தொல்லை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாத நிலை. பின்னது, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கேசீன் முதலிய பால் புரதங்களைப் பகையென எண்ணித் தாக்கும் நிலை. சிலருக்கு அது தடிப்போடு நின்றுவிடும். சிலருக்கு மூச்சுக்குழலையே நெருக்கிவிடும். வீட்டில் பால், தயிர், மோர் அனைத்தும் குழந்தைக்கு விலக்கப்பட்டன. நெய்யைப் பற்றி அப்பத்தா கவலைப்படவில்லை. உருக்கி வடித்த நெய்யில் பால் எங்கே இருக்கிறது என்பது அவருடைய எண்ணம். நெய்யில் பெரும்பகுதி கொழுப்புத்தான். ஆனால் வடிகட்டிய பின்னும் புரதத்தின் சுவடு எஞ்சக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று, பூசை முடிந்ததும், சுண்டுவிரல் நுனியளவு பஞ்சாமிர்தத்தை அவரே குழந்தையின் நாவில் வைத்தார். சிறிது நேரத்தில் உதடு வீங்கியது; கழுத்தில் தடிப்புகள் எழுந்தன; மூச்சில் ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. இரு சக்கர வண்டியில் தந்தை ஓட்ட, தாய் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, மருத்துவமனைக்கு விரைந்தனர். குழந்தை பிழைத்தது. மறுநாள் காலை திரும்பி வந்தபோது தாம்பாளம் கழுவப்பட்டுப் பரண்மேல் இருந்தது. யாரும் அப்பத்தாவைக் குறை சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பெரிய குறையாக இருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் பஞ்சாமிர்தம் இல்லை. அண்டை வீட்டார் கேட்டபோது கைவலி என்றார். குழந்தையிடமோ வேறொரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதை நீட்டினாலும், “இதுல நெய் இருக்கா?” என்று கேட்டபின்பே கையை நீட்டும். ஆறு வயதுக் குழந்தை திருமண வீட்டுப் பந்தியில் அமர்ந்து, இலையில் விழுந்த ஒவ்வொன்றையும் சுட்டி இக்கேள்வியைக் கேட்பதைப் பார்த்த நாளில்தான், அப்பத்தா பரண்மேல் இருந்த தாம்பாளத்தை மீண்டும் நினைத்தார் என்று மருமகள் கூறுவதுண்டு.

முதலில் அவர் செய்தது எளிய முயற்சி: நெய்யை மட்டும் விட்டுவிட்டுப் பிசைந்தார். தாம்பாளத்தைத் தொடவில்லை. நாற்பது ஆண்டு நெய் கண்ட பாத்திரம் என்பதால் புதிய பீங்கான் கிண்ணம் ஒன்று வாங்கப்பட்டது, கரண்டியும் புதியது. இனிப்பு வந்தது, ஆனால் வாயில் ஒட்டியது. ஏலக்காய் இட்டும் மணக்கவில்லை. ஏலக்காயின் மணப்பொருள்கள் கொழுப்பில் எளிதிற் கரைபவை. நெய் அவற்றை ஏந்திக்கொண்டு நாவெங்கும் பரப்பும். தொண்டையில் இறங்கிய பின்னும் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும். நெய் போனதும் அந்த மணத்தைச் சுமக்க ஆள் இல்லை. நல்லெண்ணெயை ஊற்றிப் பார்த்தார். பச்சை எண்ணெய் மணம் முன்னால் வந்து நின்றது. தேங்காய் எண்ணெய் வாழையின் மணத்தையே மூடிவிட்டது. இரண்டு கிண்ணமும் எருமைக்குப் போயின.

மூத்த மகன் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தார். ஆடி மாதம் ஊர் வந்தவர் பையில் பத்துப் பதினைந்து பட்டர் ஃப்ரூட் இருந்தன. வெண்ணெய்ப்பழம் என்று எழுதுகிறார்கள். மலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் கீழ்ப்பழனித் தோட்டங்களில் வாழைக்கும் காப்பிக்கும் அண்டை வீட்டுக்காரன்போல் நிற்கிறது. அப்பத்தாவுக்கு அப்பழத்தின்மீது மதிப்பில்லை. இனிப்பும் இல்லாத, புளிப்பும் இல்லாத ஒன்றைப் பழம் என்று அழைப்பதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. மகன் சொன்ன ஒரு சொல் மட்டும் அவரை நிறுத்தியது: “வெண்ணெய் மாதிரி இருக்கும்மா, பாலே கிடையாது.”

அப்பழம் மரத்தில் கனிவதில்லை. பறித்த பின்பே கனியும். அரிசிப் பானைக்குள் இரண்டு விருப்பாச்சிப் பழங்களோடு சேர்த்துப் புதைத்து வைத்தார். வாழை வெளியிடும் எத்திலீன் வாயு அருகிலுள்ள காயையும் கனியத் தூண்டும். அறிவியல் பெயர் தெரியாமலேயே பாட்டிமார் பல தலைமுறைகளாக மாங்காய்க்குச் செய்துவந்த வேலைதான் அது. நான்காம் நாள் காம்போரத்தில் அழுத்தியபோது விரல் பதிந்தது. உள்ளே பச்சையும் மஞ்சளுமாய், கட்டி வெண்ணெய்போல் சதை. அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கொழுப்பு. அதுவும் பெரும்பாலும் ஒலியிக் அமிலம். ஏலக்காய்க்கு ஏற்ற சுமைதூக்கி கிடைத்துவிட்டது. இந்தப் பழத்தைச் சூடாக்கினால் கசப்பேறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுப்பேறாத இனிப்புக்கென்றே பிறந்ததுபோன்ற பழம்.

ஆயினும் முதல் கிண்ணம் தோற்றது. பிசைந்து வைத்த ஒரு மணி நேரத்தில் மேற்பரப்பு சேற்று நிறமாயிற்று. வெட்டிய கத்திரிக்காய் கறுப்பதும் இதே காரணத்தால்தான்: பழத்திலுள்ள நொதி ஒன்று காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை. புளிப்பு அந்த நொதியை அடக்கும். கத்திரிக்காய்க்குப் புளித்தண்ணீர் என்றால் இதற்கு எலுமிச்சை. அரைமூடிச் சாறு போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு மெல்லிய கசப்பு மட்டும் அடிநாவில் எஞ்சியது. அப்பத்தா எழுந்துபோய்க் கல்லுப்பில் ஒரு சிட்டிகை நுணுக்கி வந்து தூவினார். உப்பு கசப்பை அமுக்கி இனிப்பை மேலே தூக்கும். பாயசத்தில் ஒரு கல் உப்பிடும் வழக்கம் அதனால் வந்ததே. தேன் ஊற்றியதும் கலவை தளர்ந்து ஓடியது. பட்டர் ஃப்ரூட்டில் ஏற்கெனவே நீர் மிகுதி. தேனிலும் ஓரளவு நீர் உண்டு. தேனை விலக்கி, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை அம்மியில் நசுக்கிச் சேர்த்தார். அது நீரை உறிஞ்சிக் கலவையை இறுக்கிப் பிடித்தது.

இறுதியில் நின்ற அளவு இது: பன்னிரண்டு விருப்பாச்சிப் பழம், நன்கு கனிந்த பட்டர் ஃப்ரூட் ஒன்று, கால் கிலோ நாட்டுச்சர்க்கரை, இருபது பேரீச்சை, அரைமூடி எலுமிச்சை, ஆறு ஏலக்காய், சிட்டிகை உப்பு, கடைசியில் ஒரு கைப்பிடி கற்கண்டு. பாலும் இல்லை, தேனும் இல்லை. விலங்கிலிருந்து பெறும் எதையும் உண்ணாத முறையை இன்று நனிசைவம் என்கிறார்கள். நகரத்து உணவகங்கள் வீகன் என்று பலகை வைக்கின்றன. அந்த வீட்டில் அச்சொற்களை யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்கியபோது அவர்கள் வந்து சேர்ந்த இடம் அதுவாக இருந்தது.

ஒன்றை மட்டும் அவரால் மீட்க முடியவில்லை. பஞ்சாமிர்தம் அறை வெப்பத்திலேயே பல நாள் கெடாது. செறிந்த சர்க்கரை, சவ்வூடு பரவலால், பழத்தின் நீரையும் நுண்ணுயிரிகளின் நீரையும் இழுத்துக்கொள்கிறது. நீரில்லா இடத்தில் அவை பெருகுவதில்லை. பட்டர் ஃப்ரூட் சேர்ந்ததும் நீர் கூடி அந்தக் கணக்கு குலைந்தது. இந்த இனிப்பைச் செய்த அன்றே தின்று தீர்க்க வேண்டும். அண்டை ஊர் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. சர்க்கரையைக் கூட்டலாமே என்று மகன் சொன்னார். கூட்டினால் திகட்டும் என்று அப்பத்தா மறுத்துவிட்டார். அதற்குப் பஞ்சாமிர்தம் என்று பெயர் சொல்லவும் அவர் ஒப்பவில்லை. முருகனுக்கு வைத்த படையலில் அதற்கு இடமில்லை. கடையில் வாங்கிய பழங்களே இருந்தன. பீங்கான் கிண்ணம் அடுக்களைத் திண்ணையில் தனியே மூடியிருந்தது.

பூசை முடிந்ததும் குழந்தை வந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டது.

“இல்ல கண்ணு.”

“அப்ப எதுக்கு நெய் மாதிரி மின்னுது?”

அப்பத்தா பதிலுக்குப் பட்டர் ஃப்ரூட்டின் பெரிய கொட்டையை எடுத்துக் காட்டினார். குழந்தை அதை முகர்ந்து பார்த்தது, கிண்ணத்தையும் முகர்ந்தது, அடுக்களை வாசலில் நின்ற தாயை ஒருமுறை பார்த்தது. தாய் தலையசைத்தாள். முதல் கரண்டி மெதுவாக உள்ளே போயிற்று. அப்பத்தா குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் அவர் அசையவில்லை.

“நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகட்டா?”

“நாளைக்குத் தாங்காது. இன்னைக்கே தின்னுரு.”

குழந்தை கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, கற்கண்டுகளை முதலில் பொறுக்கத் தொடங்கியது.