கடியுங்கோ

அம்மாவின் பல்லுச்செட்டை நான் கண்டெடுத்தது சமையலறை லாச்சியில், ஒரு தேயிலைப் பேணிக்குள். சீனி தேடப் போய்த் திறந்தேன். ஈரத் துணியில் சுற்றி, மேலும் கீழும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தா. செய்து நாலு மாதம். அந்த நாலு மாதமும் சோற்றைக் கரைத்துக் குடித்திருக்கிறா. ஆரும் வீட்டுக்கு வந்தால் மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறா.

“ஏனம்மா சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? காசையும் குடுத்தாச்சு. பல்லு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லை.”

இத்தாலியில் ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. பல் வைத்தியம் பெரும்பாலும் எங்களுடையது. அதனால்தான் அவ வாயை மூடிக்கொண்டு இருந்தா என்று முதலில் நினைத்தேன். பிழை என்னுடையது என்று தெரிய இன்னும் ஒரு கிழமை எடுத்தது.

நாங்கள் இருப்பது பலேர்மோவில், ஒரேத்தோ வீதிக்குக் கிட்ட. மத்திய ரயில் நிலையத்துப் பக்கம் தொடங்கி, ஒரேத்தோ ஆற்றைக் கடந்து தெற்கே போகிற நீண்ட வீதி. ஒன்பது வயதில் இங்கே வந்தேன். பத்து வயதிலிருந்து அம்மாவின் வாய் நான்தான். விசாவுக்கு குவெஸ்தூராவில், பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரனிடம், அவ வீடு துடைத்த சிஞ்ஞோராக்களிடம். அம்மாவுக்கு இத்தாலியன் கொஞ்சம் தெரியும். ஆனால் நான் பக்கத்தில் நின்றால் கதைக்க மாட்டா. என்னைத் திரும்பிப் பார்ப்பா. பல் வைத்தியரிடமும் அப்படித்தான்.

பல்லே இல்லாத வாய்க்குப் பல் கட்டுவதென்றால், பல்லைப் பற்றி யோசிக்க முன்னம் இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். பல் இருக்கிறவனுக்கு அந்தக் கேள்வியே இல்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துகிற இடத்தில் தாடை போய் நின்றுகொள்ளும். பல் போனவுடன் அந்த அடையாளம் போய்விடுகிறது. அதற்காக, பல் வரப்போகிற இடத்தில் மெழுகால் இரண்டு வரம்பு கட்டுகிறார்கள். இத்தாலியனில் ‘வல்லோ’. எனக்கு வயல் வரம்புதான் ஞாபகம் வந்தது.

அந்த மெழுகை வைத்து மூன்று விஷயம் பார்க்கிறார்கள். முதலாவது, மேல்தாடை மண்டையோட்டில் எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது. அதற்கு ஒரு வில் இருக்கிறது. இரண்டு முனையும் காதுப்பக்கம் நிற்க, நடுப்பகுதி வாய்க்குள் இருக்கும் மெழுகைப் பிடிக்கும். அமெரிக்கரான ஜோர்ஜ் ஸ்னோ 1899இல் கொண்டுவந்த யோசனை. இரண்டாவது, உயரம். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, நாடியில் ஒரு புள்ளி. சும்மா இருக்கும்போது அளந்து, மெழுகு முட்டும்போது திரும்ப அளப்பார்கள். முட்டும்போது 2 முதல் 4 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கதைக்கையில் பல் பல்லோடு அடிபடும். கூடிப்போனால் முகம் கூம்பி, கடைவாய் ஓரம் புண்ணாகும். மூன்றாவது, முன்பின். அதற்குப் பெயர் ‘மைய உறவு’.

தொத்தொரெஸ்ஸா (பெண் வைத்தியர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ‘ரெலாட்சியோனே’ என்று சொன்னதை நான் ‘உறவு’ என்று மொழிபெயர்க்க, அம்மா கேட்டா: “ஆரோட உறவு?”

உங்கள் விரலைக் காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து பாருங்கள். ஒரு உருண்டை அசையும். கீழ்த்தாடை எலும்பின் தலை அது. மண்டையோட்டுக் குழியில், நடுவில் ஒரு மெல்லிய தட்டு இருக்க, முதலில் சுழலும். பெரிதாகத் திறந்தால் முன்னுக்கு வழுக்கும். அந்தத் தலை குழிக்குள் ஒழுங்காக அமர்ந்திருக்கும் நிலைதான் மைய உறவு. பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாது என்பதால்தான் அதை நம்பிப் பல் கட்டுகிறார்கள். அது எந்த இடம் என்பதில் வைத்தியர்களே கருத்து மாறியிருக்கிறார்கள். 1956இல் அவர்களுடைய கலைச்சொல் அகராதி முதலில் வந்தபோது, குழியின் ஆகப் பின்பகுதி என்று இருந்தது. 1987 பதிப்பில் அது மேல்-முன்பகுதி ஆனது.

அம்மாவின் கடைவாய்ப் பற்கள் போய்க் கனகாலம். கொஞ்சம் ஊரில், மிச்சம் இங்கே. முன்பல் மட்டும் மிஞ்சியிருந்த வருஷங்களில், கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளி முன்பல்லால் சப்பப் பழகியிருந்தா. பிறகு அந்தப் பல்லும் போனது. பழக்கம் போகவில்லை.

பேணியைக் கண்டெடுத்த அடுத்த கிழமை திரும்பவும் போனோம். வழியில் அம்மிராலியோ பாலம். இரண்டாம் ரொஜர் மன்னனின் கடற்படைத் தளபதி, அந்தியோக்கியா ஜோர்ஜ், 12ஆம் நூற்றாண்டில் ஒரேத்தோவுக்குக் குறுக்கே கட்டியது. 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதன் கீழே இப்போது ஆறு இல்லை. வேறு வழியால் திருப்பிவிட்டார்கள். வளைவுகள் புல்லின்மேல் நிற்கின்றன. அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வதை அன்றும் சொன்னா: “பாலத்தில பிழையில்லை. ஆறுதான் இடம் மாறிப் போச்சு.”

தொத்தொரெஸ்ஸா பல்லுச்செட்டைப் போட்டு, அம்மாவின் நாடியை இரண்டு விரலால் பிடித்து, தாடை தளரும்வரை மெல்ல ஆட்டினா. தாடை பின்னுக்குப் போனது. பிறகு மூடச் சொன்னா. மேலும் கீழும் பொருந்தவில்லை. ஒரு பக்கத்தில் ஒரேயொரு பல் முட்ட, மற்றப் பக்கம் கிளம்பியது. அந்தப் பக்கத்து முரசில் புண்.

அவ என்னைப் பார்த்துக் கேட்டா: “நான் ‘கியூதா’ என்று சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

கியூதா என்றால் மூடுங்கள். அதோடு ‘பியானோ’ என்றும் சொல்லியிருந்தா, மெல்ல என்று. நான் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகச் சொன்னேன்: “அம்மா, கடியுங்கோ.”

மெழுகை வைத்து அளவெடுத்த அன்றும் கடியுங்கோ. மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்த்த அன்றும் கடியுங்கோ. இரண்டு நாளும் அம்மா தாடையை முன்னுக்குத் தள்ளி, முழுப் பலத்தோடு கடித்திருக்கிறா. ஒரே பிழையை இரண்டு தரமும் ஒரே மாதிரிச் செய்ததால், எல்லாம் பொருந்தியது போலத்தான் தெரிந்தது. கடி என்றால் ஆரும் முன்னுக்குத் தள்ளத்தான் பார்ப்பார்களாம். அதனால் அந்தச் சொல்லை இந்தத் தொழிலில் தவிர்ப்பார்களாம்.

ஆனால் அம்மாவுக்கு அந்தச் சொல்லில் இன்னொன்றும் இருந்தது. ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம், எப்படி இருக்கிறியள் என்று கேட்டால் அவ சொல்வது ஒன்றுதான்: “பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறம்.” அப்பா செத்த வருஷமும் அதைத்தான் சொன்னா. கடி என்றால் தாங்கு என்று அர்த்தம். அதைத்தான் நான் அவவுக்கு வைத்தியக் கதிரையில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவவும் தாங்கியிருக்கிறா, நாலு மாதம்.

புதிதாக மெழுகு வரம்பு கட்டினார்கள். உயரம் பார்க்க, ‘மம்மா’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னா. மகர ஒலிக்கு உதடு சேர்ந்தவுடன் தாடை ஓய்ந்து நிற்கும். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்மா ‘அம்மா’ என்று சொன்னா.

முன்பின் பார்க்க, மேல்தட்டின் பின்விளிம்பில் ஒரு சின்ன மெழுகு உருண்டை ஒட்டினா. நாக்கு நுனியால் அதைத் தொட்டபடி மூட வேண்டும். நாக்குப் பின்னுக்கு மடிந்தால் தாடையும் கூடப் பின்னுக்கு வரும். அம்மாவுக்கு விளங்கவில்லை, நாக்கை வெளியே நீட்டினா. இந்தமுறை நான் அவசரப்படவில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஞாபகம் வந்தது. எந்த எழுத்துக்கு உதடு சேரும், எந்த எழுத்துக்கு நாக்கு நுனி அண்ணத்தைத் தொடும் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது.

“அம்மா, ‘கண்’ எண்டு சொல்லுங்கோ. அந்த ‘ண்’ணிலயே நாக்கை வச்சிருங்கோ. இப்ப இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. உருண்டை தட்டுப்படுதோ? அப்பிடியே மெல்ல மூடுங்கோ. கடிக்க வேண்டாம்.”

மூடினா. மூன்று தரம் செய்வித்தா தொத்தொரெஸ்ஸா. மூன்று தரமும் ஒரே இடம்.

பல் பதித்துப் பார்த்த அன்று எண்ணச் சொன்னா. ஸகர ஒலி வரும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டுமாப்போல் கிட்ட வந்து, முட்டாமல் நிற்க வேண்டும். தமிழில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினால் அந்த ஒலி வராது. அதனால் இத்தாலியனில் அறுபதிலிருந்து. செஸ்ஸாந்தா, செஸ்ஸாந்தூனோ, செஸ்ஸாந்தாதூவே... அம்மா தடங்காமல் எழுபது வரை எண்ணினா. சம்பளக் காசை எண்ணி எண்ணிப் பழகியது.

புதுச் செட்டும் முதல் கிழமை நொந்தது. ஆனால் இரண்டாம் நாள் காலையே அம்மா என்னைக் கூப்பிட்டு, “இதில நோகுது” என்று வாயைத் திறந்து காட்டினா. அவவிடமிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான் முதல்.

அதைத் தேய்க்கப் போனபோது, மெல்லிய நிறத்தாளை இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்துவிட்டு, தொத்தொரெஸ்ஸா “கியூதா” என்றா. நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினா. பிறகு, தானாகவே, மெல்ல மூடினா.