கழுவிவிட்ட மை

பழைய எழுதுபொருட்களைச் சேகரிப்பது என் வழக்கம். லண்டன் போர்ட்டபெல்லோ சாலையில் சனிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில், விக்டோரியா காலத்துப் பித்தளை மைக்கூடு ஒன்றை வாங்கினேன். நடுவே இரு கண்ணாடிக் குப்பிகள். முன்னே தொட்டெழுதும் பேனாவைக் கிடத்த ஒரு பள்ளம்.

இங்கிலாந்தில் முன்பு தொலைவுக்கேற்ப அஞ்சற்கட்டணம் உயர்ந்தது. 1840இல் ஒரு பென்னிக் கட்டணம் வந்தபின் எளியோரும் கடிதம் எழுதலாயினர். பர்மிங்காமில் செய்த எஃகு நிப்புகளும் மலிவாகக் கிடைத்தன. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய அக்கால மை உலோகத்தை அரிக்கும்; ஆதலாற்றான் உள்ளே கண்ணாடிக் குப்பி.

வீட்டிற்குக் கொணர்ந்ததும் புளியிட்டுத் தேய்த்துப் பொன்போல் மின்னச் செய்தேன். குப்பியின் அடியில் உறைந்திருந்த கருமையையும் வெந்நீரில் கரைத்து ஊற்றிவிட்டேன். அருகில் நின்ற மகள் கேட்டாள்: "வாப்பா, கடைசியாகக் கடிதம் எழுதியவர் மிச்சம் வைத்த மையல்லவா அது?"

என்னால் விடையளிக்க இயலவில்லை.

நீங்களும் பழம்பொருள் வைத்திருப்பின், மென்துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். பளபளப்பை நாளையும் ஏற்றலாம். கழுவிய கறை திரும்ப வாராது.