பைன்ஹேர்ஸ்ட் மணற்காட்டில் இரண்டு நாட்கள்

வசந்தகாலத்தின் முதற் போட்டி என்று சொல்லி எம்மை அழைத்துச் சென்றனர். சென்ற இடத்திலோ காலை ஏழு மணிக்குப் புல்லின்மேல் வெள்ளை வெளேரென உறைபனி படிந்திருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் தை மாதம் தொடங்கும் கல்விப் பருவத்துக்கு வசந்தம் என்று பெயர். வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடந்தாலும் அது வசந்தமே. பெயரிட்டவர்கள் நாட்காட்டியைப் பார்த்தார்களேயன்றிச் சாளரத்தைத் திறந்து பார்க்கவில்லைப் போலும்.

எமது தமக்கையார் குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழ்கின்றது. அவருடைய இளைய மகன் அங்குள்ள சிறியதொரு கல்லூரியில் இரசாயனவியல் பயில்பவன். அக்கல்லூரியின் கோல்ப் குழுவில் ஐந்தாவது ஆட்டக்காரன். விடுமுறையில் நாம் அங்கு தங்கியிருந்த பங்குனி மாதத்திலே, குழுவினர் வடகரோலினா மாநிலத்துப் பைன்ஹேர்ஸ்ட் என்னும் ஊருக்குப் புறப்பட்டனர்.

"தம்பி, நீயும் ஒருக்காப் போ. உந்த விளையாட்டை விட்டுப்போட்டுப் படிக்கச் சொல்லி அவனுக்குப் புத்தி சொல்லு. நீ வாத்தியார், நீ சொன்னால் கேட்பான்" என்றார் தமக்கையார். அத்தானின் வாதம் இன்னும் வலியது. இவ்வகைச் சிறு கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவிப்பணம் கொடுப்பதில்லை. "காசுமில்லை, பேருமில்லை, பின்னை என்னத்துக்கு?" என்பது அவர் கேள்வி. இருபது ஆண்டுகளாக மாணவரிடம் நாமும் ஏறக்குறைய இதையே கூறி வந்தவர்களாதலால், தூது செல்ல உடன்பட்டோம்.

இன்னொரு மாணவனின் தந்தையாருடைய காரில், குழுவின் வாகனத்தைத் தொடர்ந்து ஒன்பது மணி நேரம் தெற்கு நோக்கிச் சென்றோம். வேர்ஜினியாவைக் கடந்ததும் வீதியோரப் பனிக்குவியல்கள் மறைந்தன. பைன்ஹேர்ஸ்டில் இறங்கியபோது எமது காலடியில் இருந்தது மணல்! கடலோ ஏறக்குறைய நூறு மைலுக்கு அப்பால். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறும் கடலும் கொணர்ந்து சேர்த்த மணலாம். வடமராட்சியின் மணற்காட்டைக் கண்ட கண்களுக்கு அது புதுமையன்று. இங்கே சவுக்கு நிற்கும் இடத்தில் அங்கே நெட்டிலைப் பைன் நிற்கின்றது, அவ்வளவே. அதன் ஊசியிலை ஒன்றை எடுத்து முழம் போட்டுப் பார்த்தோம்; ஏறக்குறைய ஒரு முழம் இருந்தது.

நாடெங்கும் பனி மூடிய காலத்தில் வடபுலத்துக் கல்லூரிகள் இங்கு ஓடி வருவதற்கு அம்மணலே காரணம். குளிர் குறைவு என்பது மட்டுமன்று. எவ்வளவு மழை பெய்தாலும் நீரை உடனே உள்ளிழுத்துவிடும் தரை. அடுத்த நாளே ஆடலாம்.

இவ்வூரின் கதை சுவையானது. கப்பல்களுக்கு வேண்டிய தாருக்கும் கர்ப்பூரத் தைலத்துக்குமாகப் பைன் மரங்களைக் கீறிப் பால் வடித்து, பின்பு வெட்டியும் தீர்த்துவிட்டனர். அவ்வாறு மொட்டையாகக் கிடந்த மணற்பரப்பில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு டொலராக, 1895இல் வாங்கினார் ஜேம்ஸ் வோக்கர் ரவ்ற்ஸ் என்னும் பொஸ்டன் நகரத்துச் சோடா இயந்திர வணிகர். சயரோகிகள் வந்து தங்கி உடல் தேறுவதற்கு ஓர் ஊர் அமைப்பதே அவர் எண்ணம். அந்நோய் தொற்றும் என்பது தெளிவானதும் எண்ணத்தை மாற்றி, உல்லாசப் பயணிகளுக்குரிய ஊராக்கினார். வந்தவர்கள் சிலர் மேய்ச்சல் நிலத்திலே பந்தடித்துப் பாற்பசுக்களை வெருட்டியமையால்தான் அங்கு கோல்ப் தரை அமைக்க நேர்ந்தது என்பர். அது 1897ஆம் ஆண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் தமக்குள் முதன்முதலாகக் கோல்ப் வெற்றிக்குப் போட்டியிட்டதும், யேல் பல்கலைக்கழகம் வென்றதும் அதே ஆண்டிலேதான்.

1900இல் ஸ்கொட்லாந்தின் டோர்னொக் ஊரிலிருந்து டொனால்ட் றொஸ் வந்து சேர்ந்தார். 1907இல் அவர் அமைத்த இரண்டாம் இலக்கத் தரை உலகப் புகழ் வாய்ந்தது. அமெரிக்கத் திறந்த போட்டி 1999, 2005, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் அங்கே நடைபெற்றது. றொஸ் 1948இல் இறக்கும்வரை அத்தரையின் மூன்றாம் குழிக்கு அருகே வீடு கட்டி வாழ்ந்து, அதனைத் திருத்திக்கொண்டே இருந்தாராம். எமது பிள்ளைகள் ஆடியது அங்கன்று; அதற்குக் கட்டணம் கட்டக் கல்லூரிக்கு வசதியில்லை. சுற்றுப்புறத்தில் நாற்பது தரைகள் வரை இருக்கின்றன. அவற்றுள் எளியதொன்றில் ஆடினர். எனினும் முதல் நாள் மாலை ஐவரும் இரண்டாம் இலக்கத்துக்கு ஓடிச்சென்று, 1999இல் வென்று அதே ஆண்டில் விமான விபத்தில் மாண்ட பெய்ன் ஸ்ரூவேர்ட் என்பவரின் சிலையருகே, அச்சிலையைப் போலவே ஒற்றைக் காலைத் தூக்கி நின்று படம் பிடித்துக்கொண்டனர்.

உறைபனி கிடக்கையில் எவரும் புல்லில் கால் வைக்கலாகாது. உறைந்த இலைகள் மிதிபட்டு நொறுங்கும், அடிச்சுவடு பல நாளைக்குக் கருகிக் கிடக்கும். ஆகவே கதிரவனை எதிர்பார்த்து எழுபது மாணவர் கைகளைத் தேய்த்தபடி நின்றனர். கார்த்திகைக்குப் பின் இவர்கள் பந்தை உண்மைப் புல்லில் அடித்ததில்லை. மண்டபத்துக்குள் வலை கட்டி, அதை நோக்கி அடித்ததே பயிற்சி.

இவ்வாட்டத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவனே வென்றவன். பதினெட்டுக் குழிகளுக்கு எழுபத்திரண்டு அடி என்பது பொதுவான அளவு. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஐவர் ஆடுவர். அவர்களுள் சிறந்த நால்வரின் எண்களே சேர்க்கப்படும். ஐந்தாமவன் நாள் முழுவதும் ஆடியும் ஆடாதவன். முதல் நாள் மருமகன் எடுத்தது 88. அது தள்ளப்பட்டது. இரவு விடுதி அறையில், அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், பதினொரு மணிவரை இரசாயனவியற் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை சோதனையாம். புத்திமதி சொல்ல அதுவே நல்ல வேளை. ஆனால் படிக்கின்ற பிள்ளையிடம் படி என்று எவ்வாறு சொல்வது?

இரண்டாம் நாள் அவனுடனேயே நடந்தோம். கல்லூரிப் போட்டியில் பை சுமக்க ஆள் கிடையாது. பதினெட்டுக் குழிகளுக்கும் பையைத் தானே தோளில் சுமந்தான். முற்காலத்தில் இவ்வூரில் சுமந்தவர்கள் கறுப்பினத்தவர். அவர்கள் வாழ்ந்த டெய்லர்டவுண் என்னும் சிற்றூர் இன்றும் அருகிலேயே உள்ளது. விருந்தினராக வந்து ஆடும் உரிமை அவர்களுக்கு அந்நாளில் இருக்கவில்லை. விருந்தகச் சுவர்களில் தொங்கும் பழம் படங்களில் அவர்களைக் கண்டோம். முகங்கள் இருந்தன, பெயர்கள் இல்லை.

ஆட்டத்தின் நடுவே பயிற்றுநரைத் தவிர வேறெவரும் ஆட்டக்காரனுக்கு ஆலோசனை கூறலாகாது என்பது விதி. பெற்றோர், உற்றார் பாதையோரமாகவே நடக்க வேண்டும். புத்தி சொல்லவென்றே ஒன்பது மணி நேரம் பயணம் செய்து வந்த எமக்கு விதித்தது நான்கரை மணி நேர மௌனம்.

குழுவின் முதல்வன் அன்று தடுமாறினான். பந்து இருமுறை தண்ணீரில் விழுந்தது. செய்தி தரை முழுவதும் பரவிற்று. மருமகனின் எண் இன்று சேர்க்கப்படும் என்பதை அவனும் அறிந்தான், நாமும் அறிந்தோம். கடைசிக் குழியின் புற்றிடல் கவிழ்த்துவைத்த பீங்கானைப் போன்றது. ஏற்றிய பந்து மெல்ல உருண்டு திரும்பி அவன் காலடிக்கே வந்தது. மீண்டும் அடித்தான், மீண்டும் வந்தது. மூன்றாம் முறை நின்றது. அதற்குள் நாம் எமது கைக்குட்டையை முறுக்கிக் கயிறாக்கியிருந்தோம். அவனோ அவசரப்படாமல், மணலில் தன் சுவடுகளை வாரியால் இழுத்துச் சமன் செய்துவிட்டே அடுத்த அடிக்குச் சென்றான். எமது வகுப்பில் கரும்பலகையை அழித்துவிட்டுச் செல்லும் மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். அந்த எண்ணிக்கையை இங்கு எழுதாமல் விடுகின்றோம்.

முடிவில் 82. அது சேர்க்கப்பட்டது. கல்லூரிக்குப் பதினான்கில் ஒன்பதாம் இடம்.

வாகனத் தரிப்பிடத்தில் சப்பாத்தைக் கழற்றி மணலைத் தட்டியபடி அவன் கேட்டான்: "மாமா, அம்மாவுக்கு என்ன சொல்லப் போறியள்?" தூதின் நோக்கம் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கின்றது!

விடை சொல்லுமுன் குழுவினர் அழைக்க, ஓடிவிட்டான். அன்றிரவு வழியில் தமக்கையாரே தொலைபேசியில் அழைத்து, "தம்பி, என்ன மாதிரி?" என்றார்.

"எண்பத்திரண்டு" என்றோம்.

"நல்ல மாக்ஸ். எந்தப் பாடத்துக்கு?" என்று கேட்டார்.