இரண்டாண்டுக் கெடு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், அண்ணாமலை மேற்கே பின்தங்கி, மணிலாக் கொல்லைகள் இருபுறமும் விரியும் இடத்தில் இருக்கிறது எங்கள் கீழ்பென்னாத்தூர். நான் அரசுப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். 2007ஆம் ஆண்டு எங்கள் நிக்காஹ் நடந்தது. பதினோராண்டுகள் கடந்தும் வீட்டில் தொட்டில் கட்டும் நாள் வரவில்லை. வேலூருக்கும் சென்னைக்கும் மருத்துவத்திற்காக அலைந்த கதையை இங்கே விரிப்பானேன்? பிள்ளை இல்லாத வீடுகளுக்கு அது தெரிந்த கதை. பிள்ளை உள்ள வீடுகளுக்குச் சொன்னாலும் விளங்காது.

என் மனைவியின் தங்கையைப் பினாங்கில் கொடுத்திருந்தோம். சகலை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். 2018 செப்டம்பரில், அதாவது ஹிஜ்ரி 1440 முஹர்ரம் மாதத்தின் நடுவில், அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. அடுத்த சனவரியில், சில நாள் காய்ச்சலில் தாய் மவுத்தாகிவிட்டாள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் இரவு சகலை தொலைபேசியில் அழைத்தார். மூத்த பையன்கள் இருவரையும் எப்படியோ சமாளிப்பதாகவும், தம் தாயார் முதுமையினால் கைக்குழந்தையைத் தூக்கவே தடுமாறுவதாகவும் சொன்னார். பிறகு என் மனைவியிடம், “அக்கா, இவளை நீங்க வளர்த்துக் கொடுங்க” என்றார்.

வளர்த்துக் கொடுங்கள் என்றாரே தவிர, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தமிழாசிரியனாகிய எனக்கு அந்த வேறுபாடு உறைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அன்றிரவு என் மனத்தில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். பதினோராண்டு கழித்து என்னை ‘அத்தா’ என்று அழைக்க ஒரு குழந்தை வரப் போகிறது!

மறுவாரமே திருவண்ணாமலையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பௌர்ணமி நாளாகப் போய்விட்டது. கிரிவலக் கூட்டத்தில் பேருந்து ஊருக்குள் நுழையவே இரண்டு மணி நேரம் பிடித்தது. அதுவே ஒரு முன்னறிவிப்புப்போல் அமைந்தது எனலாம்.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நம்மைச் சாராது என்பது தெரிந்ததே. நெடுங்காலமாக இந்நாட்டு முஸ்லிம்களுக்கு இருந்த வழி 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் ஒன்றுதான். அதன்படி பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம். தந்தை ஆக இயலாது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் அந்த உறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துபோகும். எங்களுக்கோ அந்த வழியும் எளிதாக இல்லை. தந்தை உயிரோடிருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதபோது, வேறொருவரைக் காப்பாளராக நியமிப்பதற்கு அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. பாசமுள்ள ஒரு தகப்பனைத் தகுதியற்றவர் என்று நாங்களே போய்ச் சொல்வதா?

இன்னொரு வழி இருந்தது. 19-2-2014 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி சதாசிவம் அவர்களின் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு தீர்ப்பளித்தது. எம்மதத்தவராயினும் விரும்பினால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் வழியே தத்தெடுக்கலாம்; தம் மார்க்கச் சட்டப்படி நிற்க விரும்புவோரை எவரும் வற்புறுத்த இயலாது என்பது அதன் சாரம். அயல்நாட்டுப் பிள்ளையை இந்தியர் தத்தெடுக்கவும் 2017ஆம் ஆண்டின் விதிகளில் இடமிருந்தது. ஆயின், தத்து முதலில் அந்த நாட்டில், அந்நாட்டுச் சட்டப்படி முடிந்திருக்க வேண்டும்.

அங்கேதான் முடிச்சு விழுந்தது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கென அதே ஆண்டில் வந்த பதிவுச் சட்டம் வேறு. அதன்படி பதிவதற்கு, குறைந்தது இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் பிள்ளை வளர்ப்போரின் கையில் இருந்திருக்க வேண்டும். எங்களிடமோ பிள்ளை ஒரு நாள்கூட இல்லை. பிள்ளையைக் கொண்டுவரப் பத்திரம் வேண்டும். பத்திரம் வேண்டுமானால் பிள்ளை கையில் இருக்க வேண்டும்!

நான் விடவில்லை. கடிதம் எழுதினேன், நகல் எடுத்தேன், மொழிபெயர்த்தேன், முத்திரை வாங்கினேன். ஏப்ரல் போய் அக்டோபர் வந்தது. குழந்தை குப்புற விழுந்ததையும், தவழ்ந்ததையும், பல் முளைத்ததையும் என் மனைவி கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் என்னைத் தேற்றினாள், பிறகு கேட்டாள், பிறகு கேட்பதையும் நிறுத்தினாள். ஒருநாள் இரவு சோறு பரிமாறிவிட்டு, எதிரில் அமராமல் நின்றபடியே சொன்னாள்:

“பேருக்காகக் காத்திருக்கோமா, புள்ளைக்காகக் காத்திருக்கோமா? எனக்கு அது மட்டும் சொல்லிடுங்க.”

நான் கோபித்துக்கொண்டேன். நாளைக்கு அவர் மறுமணம் செய்துகொண்டு பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் நீதானே அழுவாய் என்றேன். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் கேட்டதற்கு அது விடையாகாது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம், உப்பு, சாவி, பால் கணக்கு இவற்றைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

அவளாகத்தான் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஹஜ்ரத் என்னை அழைத்தனுப்பினார். நான் கோப்பையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதை அவர் திறக்கவேயில்லை. ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளைப் பற்றிச் சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உம்ரா முடித்து மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸாவின் சின்னஞ்சிறு மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். அவளை யார் வளர்ப்பது என்று அலீ, ஜஃபர், ஸைத் (ரலி) மூவரும் வழக்காடினார்கள். பெருமானார் அவளை ஜஃபரின் வீட்டில் ஒப்படைத்தார்கள். காரணம், ஜஃபரின் மனைவி அவளுடைய தாயின் சகோதரி. தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவள் என்பது தீர்ப்பு.

“உங்க வீட்டம்மாவுக்கு மார்க்கம் கொடுத்திருக்கிற இடம் அது. உங்களுக்கு எந்த இடம் என்று யோசிச்சீங்களா?” என்று கேட்டார் ஹஜ்ரத்.

உண்மையில் நான் யோசித்திருக்கவில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் கட்டளை. ஸைத் (ரலி) அவர்களையே, மக்கள் முஹம்மதின் மகன் என்று அழைத்துவந்ததை விட்டு, மீண்டும் ஹாரிஸாவின் மகன் என்றழைக்கச் செய்த வசனம் அது. இதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். மலேசியாவின் பதிவும் இதை மாற்றாது. அங்கே வளர்ப்பவரின் பெயரைத் தந்தை பெயராக்கி அழைப்பதில்லை. ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை ஒப்பந்தம்கூடத் தன் 20ஆம் விதியில் தத்து என்பதோடு, கஃபாலா என்னும் நம் பொறுப்பேற்பு முறையையும் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இவ்வளவு இருந்தும், நான் இந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு சந்து தேடிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் பெயரோடு நிற்கவில்லை. பெண் குழந்தை. வளர்ந்ததும் என் மனைவிக்கு அவள் சகோதரி மகள். எனக்கோ மஹ்ரம் அல்லாதவள். ஒரே கூரையின்கீழ் வளர்த்துவிட்டுப் பதின்மூன்று வயதில் அவளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஹஜ்ரத் அந்தச் சிறுமியின் கதையிலேயே இதற்கும் வழி காட்டினார். ஹம்ஸாவின் மகளை நபிகள் நாயகம் தாங்களே மணக்கலாமே என்று கேட்டபோது, அவள் என் பால்குடிச் சகோதரனின் மகள் என்று மறுத்தார்கள். பால், இரத்தத்தைப் போலவே உறவை உண்டாக்கும். என் தங்கைக்கு அந்த ஆகஸ்டில்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவள் பாலை இந்தக் குழந்தை குடித்தால் நான் தாய்மாமன் ஆகிவிடுவேன். பர்தா விவகாரமே எழாது. நம் ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு போதும். ஷாபிஈயில் ஐந்து முறை. பேணுதலுக்கு ஐந்து முறையே கொடுக்கச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புவதற்கு முன் நடக்க வேண்டும்.

சட்டம் இரண்டு ஆண்டு காத்திரு என்றது. மார்க்கம் இரண்டு ஆண்டுக்குள் வா என்றது. நானோ ஆறு மாதத்தைத் தாள்களில் தொலைத்திருந்தேன். பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பதினொரு நாள் குறையும் என்பதும் அன்றுதான் நினைவுக்கு வந்தது. 2020 செப்டம்பர் என்று நான் எண்ணியிருந்த கெடு மூன்று வாரம் முன்னதாகவே முடிந்துவிடும்.

வழி திறந்தபோது அது எளிமையாகவே இருந்தது. இறந்துபோன தாய் இந்தியக் குடிமகள். எனவே குழந்தைக்கு ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை’ அட்டை பெறும் தகுதி உண்டு. அட்டை இருந்தால் இங்கே எத்தனை ஆண்டும் வசிக்கலாம். மலேசியக் குடியுரிமை போகாது, தந்தையின் பெயர் போகாது. சகலை விண்ணப்பித்தார்; 2020 பிப்ரவரியில் அட்டை வந்தது. மார்ச் முதல் வாரத்தில் என் மனைவி குழந்தையை அழைத்துவரப் பினாங்குக்குப் புறப்பட்டாள்.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் பெட்டியில் ஓர் உறையை வைத்தேன். குழந்தையின் மீதுள்ள உரிமை யாவற்றையும் விட்டுக்கொடுப்பதாக முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த பத்திரம். சகலையின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். ஹஜ்ரத் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகத் தலையசைத்துவிட்டு வந்தவன்தான். “பிற்காலத்துக்கு உதவும்” என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 22ஆம் நாள் இந்தியா அயல்நாட்டு விமானங்களை நிறுத்தியது. கொரோனா அவளைப் பினாங்கிலும் என்னைக் கீழ்பென்னாத்தூரிலும் அடைத்து வைத்தது. ரமலான் தனிமையில் வந்தது. பெருநாள் தொழுகையை வீட்டில் தொழுதேன். என் தங்கை, “அண்ணே, தம்பிக்கு இப்பவே சாதம் ஊட்ட ஆரம்பிச்சாச்சு. பால் குறையுது. எப்ப வருவாங்க?” என்று அவ்வப்போது கேட்பாள். குழந்தை வரும்வரை பாலை நிறுத்தாதே என்று ஓர் அண்ணன் தங்கையிடம் எப்படிச் சொல்வது? மச்சான்தான் அந்தச் சங்கடத்தைத் தாமே புரிந்துகொண்டு ஏற்பாடு செய்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

அந்த நான்கு மாதங்களில் மனைவியின் பேச்சு மாறிவிட்டது. கடையில் பொட்டலம் மட்டுமே கட்டிக் கொடுக்கலாம் என்று விதி இருந்ததால், சகலை மாலையிலேயே வீடு திரும்பிவிடுவாராம். வந்ததும் குளித்துவிட்டு, குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, அது உறங்கும்வரை அசையாமல் கிடப்பாராம். கை மரத்துப்போனாலும் புரளமாட்டாராம். இதை அவள் மூன்று முறை, வேறு வேறு நாளில், ஏதோ புதிதாகச் சொல்வதுபோல் சொன்னாள். உறையைப் பற்றி நான் கேட்கவில்லை; அவளும் பேசவில்லை.

வெளிநாட்டில் தவித்தோரை மீட்டுவர மே மாதம் விமானங்கள் ஓடத் தொடங்கின. அவ்வட்டை பெற்றிருந்தோரின் வருகையை மார்ச்சில் நிறுத்திவைத்த அரசு, இந்தியருக்கு வெளிநாட்டில் பிறந்த சிறு பிள்ளைகள் உள்ளிட்ட சிலருக்கு மே 22இல் விலக்களித்தது. ஜூலையில் இடம் கிடைத்தது. கோலாலம்பூரிலிருந்து திருச்சி; அங்கே சில நாள் தனிமை; பிறகு இணைய அனுமதிச் சீட்டு வாங்கிக் கார். பக்ரீத் கழிந்த நான்காம் நாள் அவர்கள் வீடு வந்தபோது கெடுவுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே மிச்சமிருந்தது.

குழந்தை என் தங்கையின் மடியில் அமரவே மறுத்தது. புட்டியில் பழகிய பிள்ளை. முகம் தெரியாத பெண். இரண்டு நாள் அழுகைதான். கறந்து புகட்டினாலும் கூடும் என்று ஹஜ்ரத் சொன்ன பிறகு, என் தாயாரின் பழைய வெள்ளிப் பாலாடையைத் தேய்த்து எடுத்தோம். பக்கத்தில் என் தங்கை மகன் கைகொட்டிச் சிரிக்க, வெவ்வேறு வேளைகளில் ஐந்து முறை, அது வயிறாரக் குடித்தது. ஐந்தாம் முறை என் மனைவி பாலாடையைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிரவு குழந்தையின் துணிகளை அலமாரியில் அடுக்கும்போது அந்த உறை கிடைத்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“காட்டலையா?” என்றேன்.

“அவரு கேட்டா கொடுத்திருப்பாரு. அதனாலதான் காட்டலை” என்றாள்.

நான் அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு என் எதிரில் அமர்ந்து சாப்பிட்டாள்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது, தந்தை பெயர் என்ற இடத்தில் சகலையின் பெயரையும், பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரையும் என் கையெழுத்திலேயே நிரப்பினேன். வாரிசுரிமையில் அவளுக்கு என்னிடம் பங்கில்லை. மார்க்கம் அனுமதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு வசிய்யத் எழுதி வைத்திருக்கிறேன். சகலை பின்னர் மறுமணம் செய்துகொண்டார். பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்வேன் என்பதை நான் இன்னும் முழுதாக எண்ணிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பினாங்கிலிருந்து அழைப்பு வரும். அவள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடுவாள். “அத்தா, மாமா எனக்கு சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்லிட்டு இன்னும் வாங்கித் தரலே” என்று போன வாரம் என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் ஓசை கேட்டது.