பால் கணக்கும் தலைவலிக் கணக்கும்

அடுத்து தலைவலியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "படிக்கிறவர்களுக்கும் வந்துவிடப் போகிறது" என்றார். பரவாயில்லை. நம் வயதுப் பெண்கள் வாய்விட்டுப் பேசாமலே கடந்து வந்த விஷயம் இது. நமக்கு முடிந்துவிட்டது. நம் மகள்களும் மருமகள்களும் இப்போது அந்த வயதில் நிற்கிறார்கள்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ல் எனக்கு வயது 44. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. சின்னச் சின்ன உலோகப் பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். தலைக்கு மேல் டியூப் லைட், மேஜையில் இன்னொரு விளக்கு. காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் நாலரைக்கு எழுந்து, சமையலை முடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாயில் ஏதாவது போடுவது எட்டரை மணி இடைவேளையில்தான்.

மாதவிலக்குக்கு முந்தின நாள் லேசாகத் தலை வலிப்பது சின்ன வயதிலிருந்தே உண்டு. ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். 44 வயதில் வந்தது வேறு ரகம். வலது புருவத்துக்கு மேல் தொடங்கி, விண் விண் என்று தெறிக்கும். குமட்டும். வெளிச்சம் ஆகாது, மிக்ஸி சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் இருக்கும். மாதவிலக்கும் அப்போது தாறுமாறாகிவிட்டது. ஒரு முறை 22 நாளில் வரும், அடுத்தது 50 நாள் கழித்து.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பித்தம் என்றார் ஒருவர், கண் திருஷ்டி என்றார் இன்னொருவர். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினேன். பிபி பார்த்தால் சரியாக இருந்தது. மாமியார் சுக்கை உரசிப் பற்றுப் போடுவார். ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், பிறகு பழைய கதைதான். கம்பெனியில் சூப்பர்வைசர், "தலைவலிக்கெல்லாம் லீவா மேடம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. 13 வருட சர்வீஸ் பாக்கி இருந்தபோது, ராஜினாமாக் கடிதம் எழுதி பீரோவில் வைத்திருந்தேன்.

கடைசியாக பெங்களூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்டது இரண்டே கேள்விதான். "எந்தெந்தத் தேதியில் வலி வந்தது? எந்தெந்தத் தேதியில் மாதவிலக்கு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "மூன்று மாதம் எழுதிக்கொண்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

நம் வீடுகளில் மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் மாதக் காலண்டரில்தானே பால் கணக்கு எழுதுவோம்? அதே கட்டத்தில் தலைவலிக்கு ஒரு பெருக்கல் குறி, மாதவிலக்குக்கு ஒரு வட்டம், எத்தனை மாத்திரை என்று ஓர் எண் போட்டேன். மூன்று மாதம் முடிந்து பார்த்தபோது எனக்கே விளங்கியது. வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் பெருக்கல் குறிகள் கூட்டமாக நின்றன. மீதி, ஷிஃப்ட் மாறிய திங்கட்கிழமைகளிலும் பட்டினியாகப் பஸ் ஏறிய நாள்களிலும் இருந்தன.

டாக்டர் விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உடம்பில் சட்டென்று இறங்கும்போது ஒற்றைத் தலைவலி கிளம்புகிறது. ஒவ்வொரு மாதவிலக்குக்கு முன்னும் அது இறங்கும். மாதவிலக்கு நிற்கப் போகிற வருடங்களில் அது நிதானமாகக் குறைவதில்லை. ஒரேயடியாக ஏறும், இறங்கும். அதனால்தான் நாற்பதுகளில் வலி கூடுகிறது. 1972-ல் சாமர்வில் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். மாதவிலக்கை ஒட்டித் தலைவலி வரும் சில பெண்களுக்கு, அதற்குச் சற்று முன்னால் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். மாதவிலக்கு வழக்கமான நாளில் வந்துவிட்டது, தலைவலி மட்டும் தள்ளிப் போனது. திருஷ்டியும் பித்தமும் காரணமில்லை என்று அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்தது.

இது ஏதோ நம் ஒருவருக்கு வந்த சாபமும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வெளிநாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து 2,329 பேரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது. நாலில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். கன்னடத்தில் இதை 'அரெ தலெநோவு' என்பார்கள், அதாவது பாதித் தலைவலி. மைக்ரேன் என்ற பெயரும் பாதி மண்டை என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எனக்குக் கொடுத்த வைத்தியம் மூன்று. வலி தொடங்கிய உடனே போட ஒரு மாத்திரை. வராமல் தடுக்கத் தினமும் புரொப்ரனலால். "இது பிபி மாத்திரை ஆச்சே" என்றேன். "உங்களுக்குத் தலைவலிக்காகக் கொடுக்கிறேன்" என்றார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது, ஆகவே யாரும் என்னைப் பார்த்து வாங்கிப் போட வேண்டாம். மூன்றாவது, வேளை தவறாத சாப்பாடும் தூக்கமும். பஸ்ஸுக்கு முன் ஒரு டம்ளர் ராகிக் கூழ் குடித்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழ வேண்டும் என்றார். கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தது. வலி அடியோடு போகவில்லை. மாதத்தில் ஒன்பது பத்து நாள் என்பது மூன்று நாளாகக் குறைந்தது. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். என் வீட்டுக்காரரின் அக்காவை வேப்பனப்பள்ளிப் பக்கம் கொடுத்திருந்தது. அவருக்கும் இதே வயதில் இதே தலைவலி, இதே தாறுமாறான மாதவிலக்கு. ஒரு தனியார் மருத்துவமனையில், "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும்" என்றார்கள். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்தார்கள். தலைவலி இரண்டு மடங்கானது. சினைப்பையில்தான் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அதை எடுத்தால் அந்த ஹார்மோன் ஒரே நாளில் விழுந்துவிடும். தானாக நின்றால் பலருக்கு வலி குறைகிறது, அறுவை செய்து நிறுத்தினால் கூடவும் செய்யலாம் என்றார் டாக்டர். எனக்கும் இதே யோசனையைச் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. நம்மை ஒட்டியிருக்கும் ஆந்திரா, கர்ப்பப்பை நீக்கம் அதிகமாக நடக்கும் மாநிலங்களில் ஒன்று. புற்றுநோய், கட்டி, நிற்காத ரத்தப்போக்கு என்று அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. தலைவலி அதில் சேராது.

இன்னொன்று மாத்திரை. எங்கள் லைனில் ஒரு பெண் கைப்பையில் அட்டை அட்டையாக வைத்திருப்பாள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். காஃபின் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள்தான் எல்லை. காலண்டரில் எண் போடச் சொன்னது அதற்காகத்தான்.

எல்லாத் தலைவலியும் ஹார்மோனும் அல்ல. இடி விழுந்தது போலத் திடீரென்று வந்தால், கை கால் மரத்துப்போனால், பேச்சுக் குழறினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், அல்லது 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளிந்த மின்னல் கோடு தெரிகிறவர்கள், ஹார்மோன் மாத்திரை எடுக்கும் முன் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

2009-ல் எனக்கு மாதவிலக்கு நின்றது. அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் தலைவலியும் மெல்ல மெல்ல விலகியது. 2018-ல் முழு சர்வீஸோடு ஓய்வு பெற்றேன்.

இப்போது என் மருமகளுக்கு 43 வயது. தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் செல்போனில் கணக்கு வைக்கிறாள். சில நாள் சாயங்காலம் புருவத்தைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழைவாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. அறையில் திரையை இழுத்துவிடுவேன், டிவியை அணைப்பேன், அன்றைக்கு மகன் தோசை ஊற்றுவான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி வந்தால், "தலைவலிதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலண்டர் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள்.