கராஜுக்குள் கிடந்த அமானிதம்



எங்கள் வீட்டுக் கராஜுக்குள் வாகனம் நின்றதை ஒழுங்கையில் யாரும் கண்டிருக்க மாட்டீர்கள். பெயர்தான் கராஜ். வாப்பா ஓடாவி வேலை செய்தவர். மரம் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று தொடங்கிய இடம். பிறகு யார் வீட்டில் எதை வைக்க இடமில்லையோ, அதுவெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். இத்தா முடிந்த பிறகும் உம்மா அந்தத் தகரக் கதவைத் திறக்க விடவில்லை.

இந்த மாரியில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு டெங்கு. பி.எச்.ஐ. ஒழுங்கையெல்லாம் பார்த்துவிட்டுப் போன அன்று மஃரிபுக்குப் பிறகு உம்மாவே திறப்பை எடுத்துத் தந்தார். நோன்பு விடுமுறையும் வந்தது. சுபஹ் தொழுதுவிட்டு இறங்கினால் வெயில் ஏறும் வரை மூன்று மணித்தியாலம் வேலை செய்யலாம். நாங்கள் பிள்ளைகள் நால்வரும், மருமக்களும், பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் ஐந்து நாள் செய்தோம்.

முதலில் தண்ணீர் நிற்கும் சாமான்கள். நான்கு டயர், பெயின்ட் வாளிகள், மூடியில்லாத ஒரு பரல். தண்ணீரைக் கொட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறோம். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

2022 வரிசைக் காலத்துச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் இருக்கும். விறகு அடுப்பு, மண்ணெண்ணெய்க் குக்கர், பெட்ரோல் கேன்கள். கேன் வெறுமையாக இருக்கிறதென்று குசினிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.

எல்லாவற்றையும் வளவுக்குள் பரப்பிய பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. எதை வைப்பது, எதை எறிவது என்று மருமக்கள் கேட்டார்கள். உம்மா கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "முதல்ல அது யார்ட சாமான் எண்டு கேளுங்க" என்றார். பாடசாலையில் ஓர் உடைந்த மேசையைக்கூடப் பதிவேட்டைப் பார்க்காமல் கழிக்க முடியாது. எங்கள் வீட்டில் பதிவேடு உம்மாதான்.

ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினோம். ஏணி மேலத்தெரு மச்சானுடையது. தண்ணீர் பம்ப் குழாய் சாச்சாவுடையது. பெரிய கிடாரத்தைப் புரட்டினால் அடியில் பள்ளிவாசலின் பெயர் வெட்டியிருந்தது. வக்ஃபு சாமான். அதை அன்றே லுஹருக்கு முன்னர் கொண்டுபோய்க் கொடுத்தோம். துளைபோடும் மெஷினின் சொந்தக்காரரும் இன்றில்லை. அவருடைய மகனிடம் கொடுத்தபோது, வயர் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இது வாப்பா சுத்தினது" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

ஏணிக்கார மச்சான் சொன்னதுதான் எங்களைச் சுட்டது. மூன்று தடவை கேட்க வந்து, உம்மாவின் முகத்தைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போனாராம். மௌத்தான வீட்டில் போய் ஏணியைக் கேட்பதா என்று வெட்கம். ஜனாஸாவில் கடன் இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிக்கிறோம். பணம் கொடுத்தவரே வாய் திறக்கத் தயங்கும் இடத்தில், ஏணி கொடுத்தவர் எப்படிச் சொல்வார்?

நான்காம் நாள், சுவரோடு சாத்தியிருந்த மஹோகனிப் பலகைகளை எடுத்தோம். ஒன்றில் வாப்பாவின் எழுத்து, சோக்கினால். ஒருவருடைய பெயர், "நிலை 2", "அட்வான்ஸ் 15,000". வாப்பா படுக்கையில் விழுவதற்கு முந்திய மாத வேலை. நால்வரும் பணத்தோடு அவருடைய வீட்டுக்குப் போனோம். "நான் அண்டைக்கே ஹலாலாக்கிட்டேன், கொண்டு போங்க" என்றார். உம்மா விடவில்லை. அவர் மன்னித்தது பெருந்தன்மை. ஆனால் பலகை எங்கள் வளவில் கிடப்பது தெரிந்தா மன்னித்தார்? மறுபடி போய்ப் பலகையைப் பற்றியும் சொன்னோம். கொஞ்சம் யோசித்தார். பணம் வேண்டாம், பலகையைத் தாருங்கள் என்றார். இன்றைக்கு அந்தப் பலகையை 15,000 ரூபாவுக்கு வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஓட்டோவில் ஏற்றி அனுப்பினோம். உம்மா அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

கடன் போனபின் மிச்சம் வாப்பாவின் ஆயுதங்கள். வயலுக்கும் வீட்டுக்கும் விராசத் பார்ப்போம், உளிக்கும் வாளுக்கும் யார் பார்ப்பது? பெரும்பாலும் மூத்த மகன் எடுத்துக்கொள்வார், பெண்பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். அது மரியாதையல்ல, வழக்கமாகிப்போன அநியாயம். வாப்பாவோடு வேலை செய்த ஓடாவியார் ஒருவரை அழைத்து விலை வைத்தோம்: 72,000 ரூபா. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 9,000. மீதியில் ஆண்கள் இருவருக்கும் ஆளுக்கு 21,000, பெண்கள் இருவருக்கும் ஆளுக்கு 10,500. ஆயுதம் எங்களில் ஒருவருக்கே வேண்டியிருந்தது, மற்றவர்களுக்குப் பணம் கணக்காகியது. ராத்தா மட்டும் பணத்தைக் குறைத்துக்கொண்டு சின்னச் சீவுளியைக் கேட்டு வாங்கினார். சின்ன வயதில் அதன் சுருள்களைப் பொறுக்கி வளையல் போட்டவர் அவர்தான்.

இப்போது கராஜ் பாதி வெறுமை. மிஞ்சிய துண்டுப் பலகையில் தட்டு அடித்தோம். கறையானுக்காகச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியும், வெள்ளத்துக்காக நிலத்திலிருந்து முழங்கால் உயரத்திலும் இருக்கிறது. கதவடியில் ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது: யார் எதை எடுத்தார், எப்போது. மச்சானும் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

உம்மாவுக்கும் நினைவில்லாத மூன்று சாமான்கள் இன்னும் இருக்கின்றன. பிடியில் பச்சை பெயின்ட் அடித்த அலவாங்கு ஒன்று, கிணற்றுக் கப்பி ஒன்று, 2004 சுனாமி நிவாரணத்தில் கொடுத்த நீலத் தறப்பாள் ஒன்று. தறப்பாளின் மூலையில் ஒரு பெயர் எழுதி அழிந்திருக்கிறது, முதல் எழுத்து "மு" போல் தெரிகிறது. உங்களுடையதாக இருந்தால் அஸருக்குப் பிறகு வாருங்கள், உம்மா வீட்டில் இருப்பார். எங்கள் வாப்பாவின் பெரிய வாள் யாரிடமாவது இருந்தால், அதையும் அப்படியே கொண்டுவாருங்கள்.